ஒத்தாருவில் ஏரி இல்லை

நீலப் பெட்டியைத்தான் முதலில் பார்த்தேன். ஆளைப் பிறகுதான் பார்த்தேன். தோ பாயோ கடைத்தொகுதியில் மின்படிக்கட்டு வந்து இறங்கும் இடத்தில் எங்கள் மேசை. மேலேயிருந்து யார் வந்தாலும் முதலில் செருப்பு தெரியும், அடுத்து கைப்பை, கடைசியாகத்தான் முகம். முகம் தெரிவதற்குள் இந்த ஆள் எங்களிடம் கடன் அட்டை எடுப்பாரா மாட்டாரா என்று நான் முடிவு கட்டிவிடுவேன். அன்று ஜனவரி மாதத்து வியாழக்கிழமை, மணி மூன்று இருக்கும். கறுப்புக் காலணி ஒன்று இறங்கியது. அதன் பக்கத்தில் எங்கள் வங்கி பரிசாகக் கொடுக்கும் நீலப் பெட்டி. தரைக்கு வந்ததும் பெட்டி நொண்டியது, நான்கு சக்கரத்தில் ஒன்று சுற்றவில்லை. அதை இழுத்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தவர் மேடம் குவெக்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் அவருக்கு அந்தக் கடன் அட்டையை விற்றது நான். விற்றேன் என்பதைவிட, பொய் சொல்லித் தலையில் கட்டினேன் என்பதுதான் சரி.

பயண அட்டை எடுக்க நான்கு காரணங்கள் என்று எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். செலவழிக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கும், அதாவது டாலருக்கும், மைல் சேரும், சேர்ந்த மைலைக் கொடுத்து விமானச் சீட்டு வாங்கலாம். விமான நிலையத்தில் லவுஞ்சுக்குள் போய் வயிறு முட்டச் சாப்பிடலாம். பயணக் காப்புறுதி உண்டு. கையோடு ஒரு பெட்டி இலவசம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் நான்கையும் கேட்டுவிட்டு ஐந்தாவதாக ஒன்று கேட்பார்கள். "நீ இந்தக் கார்டுதான் வச்சிருக்கியா?" இல்லை என்று சொன்னால் அடுத்த நொடி ஆள் இருக்கமாட்டார். எனக்கு அந்த அட்டை கிடைக்காது. ஆண்டுக்கு முப்பதாயிரம் வெள்ளி சம்பாதிக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். என் அடிப்படைச் சம்பளத்தோடு கமிஷனைச் சேர்த்துக் குதித்தாலும் அது எட்டாது. அதனால், "பின்னே? இதுலதான் போன டிசம்பர்ல ஹொக்கைடோ போய்ட்டு வந்தேன்" என்று ஆரம்பித்துவிடுவேன்.

என் கடப்பிதழ், பாஸ்போர்ட்தான், பாலம் தாண்டிப் பக்கத்து நாட்டு ஜொகூர் பாருவுக்குப் போய் முட்டையும் காய்கறியும் வாங்கி வந்ததோடு சரி. பனியைப் பார்த்தது குளிர்பெட்டியின் மேல் அறையில். ஹொக்கைடோ என்ற அந்தப் பனித் தீவை எனக்குக் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது சும்மா இருக்கமாட்டார்கள், போன இடத்தையெல்லாம் சொல்வார்கள். ஒருவர் தெருவோர வண்டியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கித் தின்றதைச் சொன்னார். இன்னொருவர் மலைகளுக்கு நடுவே ஓர் ஏரியைச் சொன்னார். வேறொரு பெண் கண்ணாடிச் சாமான் விற்கும் தெருவைச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே ஒத்தாரு என்ற ஊரில் வைத்துவிட்டேன். அந்தப் பெயர் வாயில் சுலபமாக வந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் சொல்லிச் சொல்லி, எந்தத் தெருவில் எந்தக் கடை என்றுகூட எனக்குத் தெரியும் போல ஆகிவிட்டது.

ஏரிக்கரையில் இருந்த பெஞ்சு மட்டும் யாரும் சொன்னதில்லை. அது என்னுடையது.

மேடம் குவெக் ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். வயது அறுபத்திரண்டு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த அக்காவை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவர். முதல் தடவை என்னிடம் வந்தபோது அக்கா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு காரணத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கூட வர ஆள் இல்லையே. நான் தனியா எங்க போறது?" என்றார். அன்றைக்கு எனக்கு மாத இலக்கில் ஒரு விண்ணப்பம் குறைந்தது உண்மைதான். அடுத்து நான் சொன்னதை அதற்காகத்தான் சொன்னேன் என்றால் அதுவும் பொய். காலையிலிருந்து எத்தனையோ பேர் என்னை எத்தனையோ கேட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனால் மாமியார் கேட்பார், பிள்ளைகள் கேட்பார்கள், சோறு வடித்தாயா என்று கணவர் கேட்பார். "தனியாத்தான் போகணும் மேடம்" என்றேன். "ஒத்தாருவுல ஏரிக்கரையில ஒரு பெஞ்சு இருக்கு. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். பனி பாட்டுக்கு விழுது. ஒருத்தர்கூட வந்து என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல." மேடம் குவெக் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பள்ளியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போனால் பில்லை நீங்கள் கட்டுங்கள், அவரவர் பங்கைக் கைப்பேசியில் அனுப்பிவிடுவார்கள், மைல் முழுக்க உங்களுக்கு என்று வித்தையும் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கு நாலு அடி தள்ளி, விளம்பரப் பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்தான் டெஸ்மண்ட். எங்கள் மேற்பார்வையாளன், என்னைவிட இருபது வயது சின்னவன், நல்ல பையன்தான். ஆனால் சென்ற மாதம் பக்கத்து மேசைப் பெண் இல்லாததைச் சொல்லி விற்றாள் என்று ஒரு புகார் வந்தது. ஒரே நாளில் அவளுடைய பெயர் அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பியதும் அவன்தான். எனக்கு ஐம்பது வயது. இந்த மேசை போனால் இன்னொரு மேசை எனக்கு யார் போடுவார்கள்?

"வல்லி" என்றார் மேடம் குவெக். பெயர் மறக்கவில்லை. "ஒத்தாருவுல ஏரி இல்ல."

"பனி மூடியிருக்கும் மேடம், அதான் தெரிஞ்சிருக்காது." வாய் இருக்கிறதே, அது தானாகவே வேலை செய்கிறது.

"ஏரியவே மூடிருச்சா?" சிரிக்கவில்லை அவர். "கடல் இருக்கு. கால்வாய் ஒண்ணு இருக்கு. ஏரி இல்ல. ரெண்டு நாளு தேடினேன். கைப்பேசியில எழுதி எழுதிக் காட்டினேன். கிழங்கு விக்கறவங்ககிட்ட கேட்டேன், போலீஸ்காரர்கிட்டகூட கேட்டேன் லா. அவர் பாவம், மேப்பை எடுத்து வச்சுக்கிட்டு என்னோட சேர்ந்து தேடினாரு."

பனியில் ஒரு போலீஸ்காரரும் மேடம் குவெக்கும் குனிந்து வரைபடம் பார்ப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அவமானமாக இருந்தது. பின்னால் டெஸ்மண்டின் காலடிச் சத்தம் நின்றுபோன மாதிரியும் இருந்தது.

"உண்மையச் சொல்லு. நீ போனியா இல்லையா?"

இரண்டு வருடமாக அந்த ஊரில் வசித்தவள் நான். அந்தக் கண்ணாடிக் கடையைத் தாண்டி, கிழங்கு வண்டியைத் தாண்டி நடந்தவள். இல்லை என்று சொன்னால் வேலை மட்டும் போகாது, ஊரும் போய்விடும். ஆனால் ஒரு மனுஷி அவ்வளவு தூரம் போய் இல்லாத ஏரியைத் தேடியிருக்கிறார். அவர் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"போகல மேடம்" என்றேன். "எங்கயும் போனதில்ல."

"தெரியும்" என்றார். "ரெண்டாவது நாளே தெரிஞ்சிருச்சு. பனிக்குப் போய்ட்டு வந்த எவளும் முதல்ல வழுக்கறதப் பத்தித்தான் பேசுவா. கண்ணாடி மாதிரி கிடக்குது தரை. நான் மூணு தடவை விழுந்தேன். நீ கிழங்கச் சொன்ன, கடையச் சொன்ன, ஏரியச் சொன்ன. வழுக்கும்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் இருப்பார்கள். விற்கிற காதில் அது எப்படி ஏறும்?

"என்ன மேடம், எதாவது பிரச்சனையா?" டெஸ்மண்ட் வந்துவிட்டான். சிரித்த முகம், கையில் அந்தத் தட்டைக் கணினி. புகார் எழுதுவதும் அதில்தான்.

மேடம் குவெக் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைப் பார்த்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் குனிந்து பெட்டியைப் படுக்க வைத்தார்.

"பிரச்சனைதான். இத பாரு, சக்கரம் போச்சு" என்றார். "இவங்க அப்பவே சொன்னாங்க, அங்க வழுக்கும், பார்த்துப் போங்கன்னு. நான்தான் கேக்கல. பெட்டியோட சேர்ந்து விழுந்தேன். ஒரு வருஷத்துக்குள்ள உடைஞ்சா மாத்திக் குடுப்பீங்கன்னு சீட்டுல போட்டிருக்கே."

"அவ்வளவுதானே மேடம், மாத்திரலாம்" என்றான் டெஸ்மண்ட். என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களே எழுதிக் குடுத்திருங்க. பழைய பெட்டி குப்பைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மின்படிக்கட்டுப் பக்கம் போய்விட்டான். மாற்றுத் தாளில் அவருடைய பெயரை எழுதினேன். குவெக் சியோக் எங். எழுத்து கோணியது.

எழுதிக்கொண்டே ஒன்று தோன்றியது. போனதாகச் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் நான் யாரிடமும் எதையும் கேட்க முடிந்ததில்லை. போனவள் கேட்பாளா? பேச்சுவாக்கில் அவர்களாகக் கொடுத்ததைப் பொறுக்கியதுதான். இப்போது கேட்கலாம்.

"மேடம், ஏரி கிடைக்கவே இல்லையா?"

"கிடைச்சுது." அவர் முதல் முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தங்கின இடத்துல ஒரு பொண்ணு, வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. ஏரி அந்தப் பக்கம், தெக்கே, ரயில் மாறி பஸ் மாறி அரை நாளு ஆகும்னா. போனேன். பெருசு லா, நடுவுல தீவு இருக்கு. கரையில பெஞ்சும் இருந்துச்சு. மேல இவ்வளவு பனி. கையால தள்ளிட்டு உக்காந்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ஒரு மணி நேரம் உக்காந்தாளாம்!" என்று என் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "பத்து நிமிஷத்துக்கு மேல உக்காந்தா செத்துருவ. மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியல." மூக்கை ஒரு தடவை தேய்த்துக்கொண்டார். "ஆனா நீ சொன்னது சரி. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அக்காவுக்கு மருந்து குடுக்கற நேரம்னு மணி பார்த்தேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் மணி பார்க்கல."

இரண்டு பேர் மேசைக்கு வந்து தாளைப் புரட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவர்களே போய்விட்டார்கள். பனி விழும்போது சத்தம் கேட்குமா என்று கேட்டேன். கேட்காது, மற்றச் சத்தத்தையும் அது சாப்பிட்டுவிடும் என்றார். வாசனை இருக்கா என்று கேட்டேன். யோசித்து, எஃகுப் பாத்திரத்தை முகர்ந்த மாதிரி என்றார்.

புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தார். படிக்கட்டு வரை போனவர் திரும்பி வந்தார்.

"அடுத்த வருஷத்துக்கு எங்க போகலாம்னு யோசிச்சு வை" என்றார். "ஏரி இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லு."

பழைய பெட்டியைக் குப்பைக்குக் கொண்டுபோகவில்லை. வேலை முடிந்ததும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். எங்கள் வீடு இருக்கும் யீஷூன் வரைக்கும் அது என் முழங்காலில் சாய்ந்துகொண்டே வந்தது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இதே நீலத்தில் ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் தீபாவளித் துணி, ஒன்றில் பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகம், ஒன்றின் மேல் மின்விசிறி. ஒன்றுகூட எங்கள் அடுக்குமாடியை விட்டு இறங்கியதில்லை.

கதவைத் திறந்த என் கணவர் கதிரேசன் வழக்கம்போல, "வாங்க வாங்க, இன்னிக்கு எந்த ஊரு ஃப்ளைட்டு?" என்றார். கூடத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சுற்றாத சக்கரத்தைக் கைப்பேசியின் முனையால் இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே அடைத்திருந்தது உதிர்ந்தது. கறுப்பாக, பொடிப்பொடியாக, ஒரு கரண்டி அளவுக்குக் கல்மணல். வழுக்காமல் இருக்க அங்கே தெருவில் தூவி வைப்பார்களாம், மேடம் குவெக் சொல்லியிருந்தார்.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள மண்ணக் கொண்டாந்து கொட்டறே" என்று கணவர் துடைப்பத்தை எடுத்து வந்தார்.

"பெருக்காதீங்க" என்றேன்.

அவர் துடைப்பத்தோடு நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மெதுவாக அதன் மேல் வைத்தேன்.