சேசிஸில் ஒரு 786

ஏழு மணிக்கே வந்திருந்த போட்டோவைக் கமர் ஜஹான் ஒன்பதே காலுக்குத்தான் திறந்தாள். ஒன்பது பதினாறுக்கு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போட்டோவில் பழுப்பேறிய ஒரு காகிதம். உலகப் போர் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட லாரி ஒன்றின் விற்பனைச் சீட்டு. அனுப்பியவர் ஸ்ரீரங்கம் பராசரன். பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பிக்கும் ரிட்டயர்டு இன்ஜினீயர். 'உங்கள் ரெக்கார்டுக்கு. வேறு வண்டி கிடைத்தால் பார்ப்போம்' என்று கீழே எழுதியிருந்தார். சீட்டில், லாரியின் அடிச்சட்டத்தில் குத்தும் சேசிஸ் நம்பர் தெளிவாக இருந்தது.

78641925.

முதல் மூன்று எண்களை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றின் பின்புறம் நிற்கும் லாரியை முந்தாநாள்தான் அவள் பராசரனுக்காக அடையாளம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தென்னூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துபவள். ராணுவ வண்டிதானா என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆலைக்காரர்கள் கேபினைக் கழற்றி மரக்கூண்டு வைத்திருந்தார்கள், டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தார்கள், முன்சக்கரங்களையும் சுழற்றும் ராணுவ இழுவை அமைப்பைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். பிடுங்கிய இடத்து ஓட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. கேள்வி ஒன்றுதான்: சீட்டில் உள்ள லாரி இதுதானா? ஆம் என்றால் பராசரன் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் காகிதமில்லாத வண்டி. ரோட்டில் இறக்க முடியாது. பழைய இரும்புதான்.

நம்பரை நீங்கள் சொல்லுங்கள், ஒப்பிட்டு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பராசரன் சீட்டை அவள் கண்ணில் காட்டவில்லை.

அன்றைக்கு, வலது பக்கச் சட்டத்தில், முன் ஸ்பிரிங் பட்டைக்குப் பின்னால், துரு நடுவே 786 தெரிந்தது. அதை ஒட்டி, பலத்துக்காக யாரோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புத் தகடு. கமர் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிஸ்மில்லாவுக்கான எண். அவள் அத்தாவின் பட்டறையில் சேசிஸுக்கு வெல்டு வைத்தால் அந்த மூன்று எண்ணைக் குத்தாமல் வண்டியை வெளியே விடமாட்டார்கள். நம்ம ஆள் எவரோ கை வைத்திருக்கிறார் என்று, விரலால் தொட்டு உதட்டில் வைத்து முத்திவிட்டு நகர்ந்துவிட்டாள். நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தில் வேறொரு நம்பர் கிடைத்தது. அதைத்தான் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அது ஒத்துப்போகவில்லை. நேற்றுச் சாயங்காலமே பராசரன் ஆலைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குறுக்குச் சட்டம் வேறு ஏதோ லாரியிலிருந்து வந்து ஏறியதாக இருந்தால்? அந்த 786, பட்டறைக்காரன் குத்தியதாக இல்லாமல், கம்பெனி குத்தியதாக இருந்தால்?

பத்து மணிக்குக் கேஸ் கட்டிங், லாரியை நெருப்பால் வெட்டித் துண்டு போட்டுவிடுவார்கள். அந்த இடத்துக்கு மத்தியானம் நெல் உலர்த்தும் மெஷின் வந்து இறங்குகிறது.

பராசரனின் செல் அணைந்திருந்தது. வீட்டு நம்பரில் அவர் மனைவி வேதவதி எடுத்தாள்.

"அவர் பெருமாளை சேவிக்கப் போயிருக்காரேம்மா. செல்லை ஆஃப் பண்ணி ஆத்துலயே வெச்சுட்டுப் போயிட்டார். பதினொண்ணு ஆயிடும். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கே?"

ஆலை முதலாளி இருதயநாதன் போனை எடுத்தார். மில் ஓடும் சத்தம்தான் காதை அடைத்தது. ஹலோ, ஹலோ என்றார், வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவே இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் மூன்று நிமிடம். காவிரிப் பாலத்தில் ஒரு டவுன் பஸ்ஸின் புகையைத் தின்றுகொண்டே ஊர்ந்தாள். திருவானைக்காவலைத் தாண்டும்போது மணி ஒன்பது ஐம்பது. கொள்ளிடக் காற்றில் ஸ்கூட்டர் ஆடியது. நம்பர் ஒன் டோல்கேட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மண்ணில் இறக்கி ஓட்டினாள். லேட்டாகப் போய்ச் சேர்வது ஒரு பயம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே அரித்தது. நாலு பேர் முன்னால் வேலையை நிறுத்திவிட்டு, தகட்டுக்கு அடியில் மிச்ச எண்கள் இல்லையென்றால்?

ஆலைக்குள் நுழையும்போதே வாசனை வந்துவிட்டது. அவித்த நெல் வாசனையோடு, எரிந்த பெயிண்டு வாசனை.

மரக்கூண்டு தனியாகக் கிடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு, இரும்பு வெட்ட வந்திருந்த மதுரைவீரன் வண்டியின் வால்பக்கம் குந்தியிருந்தான். நீல நெருப்பு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. அவள் கத்தியது மில் சத்தத்தில் கரைந்துபோனது. ஓடிப்போய் சிலிண்டர் வால்வைத் திருகி மூடினாள்.

நெருப்பு அணைந்தது. இருதயநாதன் வேகமாக வந்தார்.

"என்னம்மா இது? வேண்டாம்னு நேத்தே பராசரன் சொல்லிட்டாரே?"

"நான் குடுத்த நம்பரை வெச்சுதாண்ணே சொன்னாரு. தப்பு என்னோடது. பத்து நிமிஷம் குடுங்க."

"பதினோரு மணிக்கு மெஷினோட டிரெய்லர் டோல்கேட்டுக்கு வந்துடும்."

"பத்தே நிமிஷம்."

அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு அடி ஒதுங்கி நின்றார்.

போல்ட்டுகள் நாலும் துருவில் உறைந்திருந்தன. ஸ்பேனர் வழுக்கி முட்டியில் தோல் உரிந்தது. மதுரைவீரன் ஒரு நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு, அக்கா தள்ளுங்க என்று உளியும் சம்மட்டியுமாக வந்தான். நாலு அடியில் நாலு தலையும் பறந்தன. தகடு விழுந்தது.

கருத்த கிரீஸ். அதற்குக் கீழே சிவப்பு ஆக்சைடு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தாள். விரல்நுனியில் ஏதோ பள்ளம் தட்டியது. கமர் பேப்பரை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். 786ஐ அடுத்து, அதே உயரத்தில், அதே இடைவெளியில் எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆறாவது எண்ணின் மேல் போல்ட் ஓட்டை விழுந்திருந்தது. பாதிக் கோடுதான் மிச்சம்.

அவளுக்கு அது ஒன்பதாகத்தான் தெரிந்தது. ஆனால் சீட்டைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்?

பேப்பரை மதுரைவீரனிடம் நீட்டினாள். "எனக்கு எதுவும் சொல்லாதீங்க தம்பி. அண்ணனுக்குக் கேக்கற மாதிரி படிங்க." போனில் அந்தப் போட்டோவைத் திறந்து இருதயநாதன் கையில் கொடுத்தாள்.

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான்.

"ஏழு. எட்டு. ஆறு. நாலு. ஒண்ணு..." நிறுத்தினான். பேப்பரை வெயிலுக்குப் பிடித்தான். "இது பாதி இல்லையே. மேலே சுழி மாதிரி வளைவு இருக்கு. வலது பக்கமா ஒரு கோடு கீழ இறங்குது. இடது பக்கம் கீழ ஒண்ணும் கிடையாது. எட்டா இருந்தா அங்க கோடு இருக்கணும்."

அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினான்.

"ஒம்போதுதான். அப்புறம் ரெண்டு, அஞ்சு."

இருதயநாதன் போனை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, டிரெய்லர்காரனை டோல்கேட்டிலேயே நிற்கச் சொல், இந்த வண்டியைத் தள்ள எட்டு ஆள் அனுப்பு என்றார். கமரின் பக்கம் அவர் திரும்பவில்லை.

"அப்ப நான் வெட்டுனது போச்சாக்கா?" என்றான் மதுரைவீரன்.

அப்போதுதான் அவள் வால்பக்கம் போனாள். ஒன்றரை அடி நீளத்துக்கு இரண்டு சட்டமும் துண்டாகிக் கிடந்தன. மண்டியிட்டு வெட்டுவாயைத் தடவிப் பார்த்தாள். இன்னும் சுட்டது. வெட்டுக்கு முன்னால் நாலு விரல் தள்ளி, பழைய வெல்டுத் தழும்பு ஒன்று சட்டத்தைச் சுற்றி ஓடியது. அதிக மூட்டை ஏற்றுவதற்காக ஆலைக்காரர்கள் ஒட்டி நீட்டிய பாகம்.

"ராணுவ இரும்பு இங்க முடியுது," என்று தழும்பைக் காட்டினாள். "நீங்க வெட்டுனது ஒட்டு, அதுலயும் நாலு விரல் மிச்சம் வெச்சிருக்கீங்க. எப்படியும் அதை வெட்டத்தான் வேணும்."

சொல்லிவிட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.