ஏழாம் தொட்டியின் ஒயின்

கூட்டுறவுச் சங்கத் தலைவர் கவுதியோசோ தன் மகள் கல்யாணத்துக்கு வெளியூர் ஒயின் வரவழைத்தார். தங்க எழுத்து, மேலே கம்பி வலை சுற்றிய புட்டிகள். சங்கத்தின் ஒயின் கிடங்கைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவந்த ஒரோசியாவுக்கு அது நெஞ்சில் குத்தியது.

"நம்ம ஊர்க் கர்னாச்சா ஒயின் ஆகாதாண்ணே?" என்று கேட்டாள்.

"சம்பந்தி சரகோசா நகரத்துக்காரர். அவர் முன்னால ஜாடியில ஊத்தி வைக்கச் சொல்றியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் ஊரான தோரேசில்யாவின் பெயரைத் தாங்கி ஒரு புட்டிகூட வெளியே போனதில்லை. வடக்கேயிருந்து டேங்கர் லாரிகள் வரும். தங்கள் வெளுத்த ஒயினுக்கு நிறமும் வேகமும் ஏற்ற மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு போகும். அதோடு சரி.

விருந்தன்று ஆட்டுக்குட்டி வறுவல் பரிமாறும்போது ஒரோசியா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே பீப்பாய் வாடை. அதற்கு அடியில் காய்ந்த தைம் செடியும் கனிந்த செர்ரியும், சுடுகல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒரு மணமும். பக்கத்திலிருந்த பிளாஸிடம் நீட்டினாள். மலையடிவார மேட்டுக்காட்டில் எண்பது வயதுத் திராட்சைக் கொடிகளை வைத்திருக்கும் விவசாயி அவன். பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ரகம் நடச் சொல்லி ஊரே கேலி செய்தும் அசையாதவன்.

பிளாஸ் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"இது என் காடு," என்றான்.

"ஏழாம் தொட்டி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லாரியில போனது," என்றாள் ஒரோசியா.

மேசையின் தலைப்பக்கம் சம்பந்தி கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன இருந்தாலும் இந்த மாதிரி சரக்கு உங்க பக்கம் வராதுங்க."

கவுதியோசோ தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் ஒரோசியாவால் தாங்க முடியவில்லை. குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள். லாரியில் ஒயின் ஏற்றும்போதெல்லாம் மாதிரிக்கென்று ஒரு புட்டி எடுத்து, மெழுகு வைத்து, அலமாரியில் பூட்டிவைப்பது அவள் வழக்கம். வேண்டியதைத் தேடி எடுத்துவந்து சம்பந்திக்கு இன்னொரு கோப்பையில் ஊற்றினாள்.

"இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர் நிதானமாகக் குடித்தார். "அதே ஒயின்தானேம்மா. அதுல பீப்பாய் வாடை தூக்கலா இருக்கு, இதுல இல்ல. இதுதான் ஒசத்தி. எங்க வாங்கினீங்க?"

ஒரோசியா புட்டியைக் கவுதியோசோ பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளுடைய கையெழுத்தைப் படித்தார்: தோரேசில்யா, தொட்டி ஏழு, தேதி, லாரி எண். அவர் முகம் சிவந்தது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள்.

"நம்ம வீட்டுப் பொண்ணையே வெளியூர்ல போய்ப் பொண்ணு கேட்டிருக்கேன்," என்றார் மெதுவாக.

முதலில் சிரித்தவர் சம்பந்திதான். "இப்படி ஒண்ணை வச்சுக்கிட்டு இத்தன நாளா ஏன் சம்பந்தி ஒளிச்சு வச்சீங்க?"

"எங்களுக்கே தெரியாதுங்க. இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும்."

கவுதியோசோ எழுந்து நின்று, ஊர் பார்க்க, அவள் கொண்டுவந்த புட்டியிலிருந்து ஒரோசியாவின் கோப்பையைத் தன் கையால் நிரப்பினார். அவள் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதமே பொதுக்குழு கூடியது. மேட்டுக்காட்டு ஒயினில் இனி ஒரு சொட்டும் லாரிக்கு விடுவதில்லை என்று முடிவாயிற்று. எதிர்த்துக் கை தூக்கியது இரண்டே பேர்.

அடுத்த வசந்தத்தில் ஆறாயிரம் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார்கள். ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில், அதன் கீழே திராட்சை ரகம், கர்னாச்சா. முதல் புட்டி பிளாஸுக்கு. அவன் அதைத் திறக்கவில்லை. டிராக்டரின் முன்பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டி, சதுக்கத்தை மூன்று முறை சுற்றினான். கொடிகளைப் பிடுங்கச் சொன்னவர்களின் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.