பத்தொன்பது நாள் திறந்து கிடந்த கதவு

அண்ணி என்னை எப்போதும் "வாலு" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, "கொஞ்சம் இங்க வரியா" என்று மட்டும் சொன்னார். வார இறுதிக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த நான் போட்டது போட்டபடி எழுந்து போனேன்.

அண்ணி குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். பேச்சு தாமதமாக வரும் குழந்தைகள், திக்கிப் பேசும் குழந்தைகள், சில எழுத்துகள் மட்டும் நாக்கில் சிக்கிக்கொள்ளும் குழந்தைகள். காலையில் ஒரு பயிற்சி மையத்தில் வேலை, மாலையில் எங்கள் வீட்டு முன்னறையில். ஒவ்வொரு வகுப்பையும் வீடியோ எடுத்து வைத்து, பிறகு மெதுவாக ஓடவிட்டு நாக்கும் உதடும் எங்கே தடுமாறுகின்றன என்று குறித்துக்கொள்வார். மொத்தம் இருபத்தாறு குழந்தைகள். அந்த வீடியோக்களைத் தன்னைத் தவிர ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று மையத்துக்கும் பெற்றோருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லாமே முன்னறை மேசைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

போனை என்னிடம் நீட்டினார். அவருடைய மெயிலுக்குள் ஒரு புதிய கம்ப்யூட்டரிலிருந்து யாரோ நுழைந்திருப்பதாக ஒரு செய்தி. நேரம் ஒன்பது இருபது. ஒன்பது இருபதுக்கு அண்ணி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மெயில் போனா போகட்டும். பிள்ளைங்க வீடியோ?" என்றார். மெயிலின் பாஸ்வேர்டையும் அதே கம்ப்யூட்டரில்தான் சேமித்து வைத்திருந்தார்.

நான் முதலில் செய்தது, இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கியது. அதில் தப்பே இல்லை. அடுத்து செய்ததில்தான் தப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. இரண்டு வருடமாகக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றித்தான் படிக்கிறேன், பேசுகிறேன், தூக்கத்திலும் உளறுகிறேன் என்று அறைத்தோழி சொல்கிறாள். நிஜமான வைரஸ் ஒன்றைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். ஒன்று மாட்டியது. பெயர் என்னவோ கம்ப்யூட்டரோடு கூடவே வரும் சவுண்ட் புரோகிராமின் பெயர்தான், ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் அண்ணியின் சொந்த ஃபோல்டருக்குள். போலீஸ் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் நம் வீட்டு அலமாரிக்குள் குடியிருந்தால் அவனைப் போலீஸ் என்று நம்புவோமா? இது பின்கதவு வைரஸ் என்று அண்ணிக்கு விளக்கினேன். எதையும் உடைக்காது, திரையில் ஒன்றும் காட்டாது. சத்தம் போடாமல் உள்ளே இருந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எங்கோ இருக்கும் தன் முதலாளியைக் கூப்பிட்டு, ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்கும். அவன் சொன்னால் ஃபைலை எடுத்துக் கொடுக்கும், பாஸ்வேர்டை எடுத்துக் கொடுக்கும்.

விளக்கிக்கொண்டே அதை நிறுத்தினேன், அழித்தேன், கையைத் தட்டிக்கொண்டேன். முடிந்தது என்றேன். பந்தாவுக்காக ஒருமுறை ரீஸ்டார்ட்டும் செய்து காட்டினேன். அண்ணியின் முகம் அப்போதுதான் லேசாகத் தெளிந்தது. நான் பிரசங்கத்தைத் தொடர்ந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். பட்டியலில் அதே பெயர், அதே இடத்தில், ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

"முடிஞ்சுதுன்னு சொன்ன?"

கீபோர்டிலிருந்து கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எனக்கு அவசரம் வந்தால் நான் செய்யும் வைத்தியம் அது.

அதன் பிறகு ஒழுங்காகத் தேடினேன். குறித்த நேரத்தில் தானாக ஓடவேண்டிய வேலைகளுக்குக் கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில், ஏதோ அப்டேட் மாதிரியான பெயரில் ஒரு வேலை இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் போலி ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் வேறு இடத்தில் ஒளித்து வைத்த நகலிலிருந்து மறுபடி கொண்டுவந்து வைப்பது, இவ்வளவுதான் அதன் பிழைப்பு. நான் ஆளைத் துரத்திவிட்டு, அவனைக் கூட்டி வந்தவனை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கிறேன். அந்த வேலை சேர்க்கப்பட்ட தேதி பத்தொன்பது நாளுக்கு முன்னால், மாலை ஏழு நாற்பது. அதே ஏழு நாற்பதுக்கு இன்னொன்றும் ஏறியிருந்தது. வீடியோ வெட்டும் புரோகிராம் ஒன்று.

"ஏத்துனது உங்க அண்ணன்" என்றார் அண்ணி.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை அரை நாள்தான். ஒரு மணிக்குக் கையெல்லாம் கிரீஸோடு வந்தான். ஷூவைக் கழற்றக்கூட விடாமல் கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை, பெருமையாகத்தான் சொன்னான். வீடியோக்களின் முன்னும் பின்னும் வெட்ட அண்ணிக்கு ஒரு புரோகிராம் தேவைப்பட்டதாம். விலை அதிகமாக இருந்ததால் ஏதோ ஒரு தளத்தில் சும்மாவே கிடைத்ததை இறக்கினானாம். ஆன்டிவைரஸை நிறுத்தினால்தான் ஏறும் என்று அங்கேயே எழுதியிருந்ததாம். நிறுத்தினானாம். நிறுத்துவதற்கு முன்னால் அது கத்திக்கொண்டே இருந்ததால், அந்த ஃபோல்டர் பக்கமே இனிமேல் எட்டிப் பார்க்கக்கூடாது என்றும் அதற்குச் சொல்லி வைத்தானாம்.

"அப்புறம் மறுபடி ஆன் பண்ணியா அண்ணா?"

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

லிஃப்டின் கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது, அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. பழுது பார்க்கும்போது மெக்கானிக்குகள் அந்தச் சுவிட்சை ஏமாற்ற ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே மாட்டுவார்கள். அதற்குப் பெயர் ஜம்பர். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே போகும். இந்த ஒரு விஷயத்தில் அண்ணனைப் போல ஒருவனைப் பார்க்க முடியாது. அவனிடம் இருப்பது நான்கு ஜம்பர்கள், எல்லாம் சிவப்பு, ஒவ்வொன்றிலும் நம்பர். எண்ணாமல் பையை மூட மாட்டான். ஒருமுறை மூன்றுதான் எண்ணினோமோ என்று சந்தேகம் வந்து, சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து, இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நாலாவது பையின் அடியிலேயே இருந்தது என்பது வேறு கதை.

"ஜம்பர் போட்டுட்டு எடுக்காம வந்திருக்கேன்" என்றான். "லிஃப்ட்ல இத செஞ்சிருந்தா என் லைசன்ஸ் போயிருக்கும்."

"லிஃப்ட்ல செஞ்சிருந்தா ஆளே போயிருக்கும்" என்றார் அண்ணி.

அதற்கு மேல் அண்ணி அவனைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்பது போல அண்ணன் தன் கை கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் காலையில் கையைத் தட்டிக்கொண்டு முடிந்தது என்று சொன்ன ஆள் நான்.

அடுத்து அவன்தான் கேட்டான். "சரி, கதவு தொறந்து கெடந்துச்சு. அது வழியா எவ்வளவு போச்சு? லிஃப்ட்ல எத்தன டிரிப் ஓடுச்சுன்னு கவுண்டர் இருக்கும். இதுல இல்லையா?"

இருக்கிறது. மூன்று மணி நேரமாகத் திருடனைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்ததில், எதைத் திருடினான் என்று எண்ணிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்த புரோகிராம் கடந்த முப்பது நாளில் எவ்வளவு டேட்டா பயன்படுத்தியது என்று கம்ப்யூட்டரே கணக்கு வைத்திருக்கும். திறந்தேன். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நகம் அழுந்தியது. பட்டியலை இறக்கிக்கொண்டே போனால், அந்தப் போலிப் பெயர் கிட்டத்தட்டக் கடைசியில் இருந்தது. வந்ததும் போனதும் சேர்ந்தே பதினோரு எம்பி.

வீடியோக்களை அளவு வாரியாக அடுக்கினேன். இருப்பதிலேயே சின்னது நூற்று நாற்பது எம்பி. நான்கு வயதுக் குழந்தை ஒன்று வாயைத் திறக்கவே மாட்டேன் என்று மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்ட ஆறு நிமிட வகுப்பு. பதினோரு எம்பியில் அந்த ஆறு நிமிடம்கூட முழுசாகப் போயிருக்க முடியாது. ஒரு கணக்கை மட்டும் நம்பக்கூடாது என்று, இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் பக்கத்தையும் என் போனில் திறந்தேன். வீட்டிலிருந்து தினமும் எவ்வளவு வெளியே போனது என்று அதில் தெரியும். பத்தொன்பது நாளையும் விரல் வைத்துப் பார்த்தோம். ஒரு நாளும் வழக்கத்துக்கு மேலே எகிறவில்லை.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, சிரிக்கவில்லை. "பசிக்குது" என்றார். காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினான்.

சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்தார். "மிச்சத்தையும் சொல்லு." எனக்குச் சொல்ல மனமில்லை. ஆனால் சொன்னேன். வீடியோ போகவில்லை, ஆனால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போயிருக்கின்றன, மெயிலுக்குள் நுழைந்தது அப்படித்தான். பெற்றோரின் பெயரும் போன் நம்பரும் உள்ள ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறதே, அது பதினோரு எம்பிக்குள் தாராளமாக அடங்கும். போனதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார்.

பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அவருடைய போனில் வைத்தே மாற்றினோம், எங்கெங்கோ திறந்திருந்த கணக்குகளிலிருந்து வெளியேறினோம். என் லேப்டாப்பில் ஒரு பென் டிரைவைத் தயார் செய்து, கம்ப்யூட்டரின் சொந்த சிஸ்டத்தை எழுப்பாமலேயே அதிலிருந்து சோதித்தேன். நான் கண்டுபிடித்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் மாட்டியது, பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டு. என் மிச்சப் பெருமையும் அதோடு போனது. இனி இந்த சிஸ்டத்தை நம்ப முடியாது, வீடியோக்களை மட்டும் ஒரு தனி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போடலாம் என்றேன். எரிந்த ஒயரில் டேப் சுற்றக்கூடாது, முழுசாக மாற்றத்தான் வேண்டும் என்று அண்ணனும் சொன்னான். ஐந்து மணிக்கு அது புதுக் கம்ப்யூட்டர். ஆன்டிவைரஸ் ஓடுகிறதா என்று அண்ணன் மூன்று முறை பார்த்தான்.

அண்ணி அதற்குள் பெற்றோருக்கு அனுப்ப ஒரு செய்தி தட்டிக்கொண்டிருந்தார். சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டுவிடலாமே என்றேன். அந்த வரியை எழுதிப் பார்த்து அழித்தார். பத்தொன்பது நாளாகக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது, வீடியோ எதுவும் முழுசாக வெளியே போயிருக்க வாய்ப்பில்லை, போன் நம்பர்கள் போயிருக்கலாம், தெரியாத நம்பரிலிருந்து என் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நம்பவேண்டாம். இவ்வளவுதான் எழுதினார். முதலில் மையத்தின் தலைவிக்கு, பிறகு இருபத்தாறு வீட்டுக்கும் அனுப்பினார்.

தலைவி உடனே கூப்பிட்டு நிறையக் கேள்வி கேட்டார். இனிமேல் வீடியோ இன்டர்நெட் பக்கமே போகாத டிஸ்கில்தான் இருக்கவேண்டும் என்றார், திங்கட்கிழமை வழக்கம்போல வரச் சொன்னார். வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. சரி, நன்றி, பார்த்துக்கொள்கிறோம். ஒரு அம்மா, என் பையன் அடுக்களையில் நின்று கத்துவதே தெருமுனை வரை கேட்கும், அதைத் திருடி எவன் என்ன செய்யப்போகிறான் என்று எழுதியிருந்தார். அண்ணி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒரே ஒரு அப்பா மட்டும், இனிமேல் என் மகளை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றை வரியில் எழுதினார். திக்கிப் பேசும் பெண், எட்டு வயது, தன் பெயரையே அவளால் சொல்ல முடியாமல் இருந்தது. போன மாதம்தான் முதல் தடவை திக்காமல் சொல்லியிருக்கிறாள்.

அண்ணி போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அண்ணனும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிடம். அண்ணன் இரண்டு முறை கதவு வரை எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. அண்ணி அவிழ்ந்திருந்த கூந்தலை முடிந்துகொண்டே வந்தார்.

"புதன்கிழமை கூட்டிட்டு வராராம். அவரும் கூடவே உக்காந்து பாப்பாராம்" என்றார். "பாக்கட்டும். நல்லதுதான். அவ அப்பாகிட்டதான் அதிகமா திக்குவா."