எதிர் நாற்காலிச் சாட்சி

ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில், பல தொழில்காரர்கள் மேசை பகிர்ந்துகொள்ளும் அந்த ஐந்தாம் மாடிக் கோ-வொர்க்கிங் இடத்தைப் பிடித்தவள் கெர்ரி டன்ஸ்டன். பூங்கா ஊஞ்சலும் சறுக்குமரமும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானவையா என்று சோதித்துச் சான்று தருவது அவள் தொழில். கூட்டாளி கிளென் அப்போதே தலைப்பாடாய் அடித்துக்கொண்டான்.

"டயர் கடைக்குப் பின்னாடி கொட்டகை காலியா கெடக்கு. நாம ரெண்டே பேரு, ஒரு ஏணி. கடல் தெரியற கண்ணாடி எதுக்கு நமக்கு?"

"ஏணியைப் பாத்து எவன் வேலை தருவான்? விலாசத்தைப் பாத்துத்தான் தருவான்."

விலாசம், வரவேற்பு ஃபோன், பிரிண்டர், காபி எல்லாம் அங்கே பொது. பிக்கில்ஸ் என்ற நாய்கூடப் பொதுதான். எழுதாத சட்டங்கள் இரண்டு உண்டு. அடுத்தவர் திரையையோ காகிதத்தையோ எட்டிப் பார்க்கக் கூடாது. யாராவது சாட்சிக் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

எதிர் நாற்காலி லாக்லன் பிரைஸும் அவளும் எட்டு மாதமாக இப்படி மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். "என்ன தொழில்?" என்று முதல் நாள் கேட்டதற்கு, "நகரசபைக்கு ஏதோ ஆய்வு" என்றான். இவளும் அதையேதான் சொன்னாள். அதற்கு மேல் துருவுவது அங்கே நாகரிகமில்லை. என்ன நாகரிகமோ!

நகரசபையின் பூங்காக்கள் அனைத்துக்கும் மூன்று வருட டெண்டர் வந்தது. கிடைத்தால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் கடையைக் கட்ட வேண்டியதுதான். கிளென் சுரங்கத்தில் தன் பழைய வேலையைக் கேட்டு வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை, நகரசபையிலிருந்து ராபின் என்ற அதிகாரி அழைத்தாள்.

"கெர்ரி, உங்க டெண்டர்தான் முன்னாடி நிக்குது. ஒரே ஒரு சந்தேகம். வேற போட்டியாளரோட பேசி வைக்கலைன்னு உறுதிமொழி குடுத்திருக்கீங்கல்ல, அதுல சாட்சி யாரு?"

"லாக்லன். என் எதிர் நாற்காலிக்காரர்."

அந்த நேரம் பார்த்து மேசைக்கடியில் பிக்கில்ஸ் குரைத்தது.

"அதென்ன, நாயா?"

"ஆபீஸ் நாய். மன்னிச்சுக்குங்க."

"லாக்லன் பிரைஸும் இதே டெண்டர் போட்டிருக்காரும்மா. அதே விலாசம், அதே ஃபோன் நம்பர். அவரோட உறுதிமொழிக்குச் சாட்சி நீங்க."

கெர்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்தாள். எட்டு மாதம்! போட்டியாளனுக்குக் காபிக்குப் பாலும் வாங்கி வைத்து, சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

"அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். "தெரியும். தெனம் சேர்ந்து காபி குடிக்கிறோம். ஆனா இந்தத் தொழில்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. படிக்காம போட்டுட்டேன்."

"நம்பறேன். அவரும் இதையே சொன்னா பிரச்சனையே இல்ல, ரெண்டு பேரும் போட்டியில இருக்கலாம். முன்னுக்குப் பின் முரணா இருந்தா ரெண்டையும் தள்ளிடுவோம். இப்பவே கேட்டுடறேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. "லாக்லன், உண்மையைச் சொல்லு!" என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் ஃபோன் அடித்துவிட்டது. எடுத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. 'மறைக்காதே' என்பதுபோல் கெர்ரி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித் தலையசைத்தாள். அவளை ஒரு பார்வை பார்த்தவன், சட்டென்று நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கெர்ரியா? எந்தக் கெர்ரி? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்களே."

அவன் காலடியில் படுத்திருந்த பிக்கில்ஸ் எழுந்து, வாய் ஓயாமல் குரைத்தது.