முதல் கம்பத்து முகம்

காலை ஆறு நாற்பதுக்கு, முதல் கம்பத்தில் தொங்கிய பேக்கரிக்காரரின் முகம் காதிலிருந்து வாய்வரை கிழிந்திருந்தது.

தெருவில் பன்னிரண்டு விளக்குக் கம்பங்கள், பன்னிரண்டு பதாகைகள். ஒவ்வொன்றிலும் தெருவாசி ஒருவரின் முகம். அதன் அடியில், அவரவர் மொழியில், ‘இது எங்கள் தெரு’. மாலை ஐந்து மணிக்குத் திறப்புவிழா.

தையல்காரி வந்தபோது கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் மாவுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நேத்து ராத்திரி ஏழு மணிக்கு நான் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் தெருச் சங்கத் தலைவி. எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

“காத்து கிழிச்சிருக்கும்” என்றது ஒரு குரல்.

“காத்துக்கு ஆள் பார்த்துக் கிழிக்கத் தெரியுமா?”

கூட்டத்தின் பார்வை சலவைக்கடைக்குத் திரும்பியது. புகைபோக்கித் தகராறில் சலவைக்காரரும் பேக்கரிக்காரரும் ஆறு மாதமாகப் பேசுவதில்லை. கடை வாசலில் கொக்கிக் கழி சாத்தியிருந்தது. உயரத்தில் தொங்கும் உடுப்புகளை எடுக்கிற கழி.

“அவ்வளவு நீளக் கழி அவர்கிட்டதான் இருக்கு” என்றான் தையல்காரியின் கணவன். பதாகைகளைக் கம்பத்தில் கட்டியவன் அவன்தான்.

“உன் ஏணி எங்க இருந்துச்சு தம்பி?” என்றார் சலவைக்காரர்.

“வீட்ல, பூட்டி. நானே கட்டி நானே கிழிக்க எனக்கென்ன பைத்தியமா?”

சிலர் சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை.

“அண்ணே, மூணு மணிக்குச் சங்கம் கூடுது” என்றாள் மைக் அக்கா. “வந்து பதில் சொல்லுங்க. உங்க கடை சங்கத்துக் கட்டடத்துல இருக்கு. சரியா பதில் வரலைன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்க.”

சலவைக்காரர் உள்ளே போனார். இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் வெளியே கேட்டது.

பதாகையை இறக்கித் தையல்காரியிடம் கொடுத்தார்கள். விழாவுக்குள் தைத்துவிட வேண்டும்.

மேசையில் விரித்தாள். நைலான் துணி. பன்னிரண்டுக்கும் ஓரம் தைத்தது அவள்தான். சாதாரணக் கத்தி பட்டால் பிசிறும். இழுத்தால் நூல் நூலாக வரும். கிழிசலை நெருடினாள். ஒரு நூலும் வரவில்லை. ஓரம் உருகி, கடுகு கடுகாக இறுகியிருந்தது.

கட்டி முடித்ததும் காற்று புகுந்து போக அடியில் இரண்டு வெட்டுப் போடுவார்கள். இல்லாவிட்டால் பதாகை உப்பிக் கம்பத்தை வளைத்துவிடும். அதற்கென்று பேட்டரியில் சூடாகும் கத்தி ஒன்று உண்டு. அந்தத் தெருவில் அது அவள் கணவனிடம் மட்டும்தான் இருந்தது.

அடிவெட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். அதே கடுகு.

கை தவறியிருக்கலாம். அளவு நாடாவை எடுத்தாள். அடிவெட்டுக்கும் முகத்துக்கும் இடையே ஐந்தடி.

எந்தக் கம்பத்தில் யார் முகம் என்ற பட்டியல் வந்த அன்று அவன் சொன்னான்: “வந்து ரெண்டு வருஷம் ஆகல, அவருக்கு முதல் கம்பம். பதினேழு வருஷம் இருக்கிற நமக்குக் குப்பைத்தொட்டிக் கம்பம்.” அன்று அவள் சிரித்தாள். நேற்று இரவு எட்டு மணிக்கு, முடிச்சு தளர்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று கிளம்பினான். ஏணி நிலைப்படியில் இடித்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

இரண்டரைக்கு அவன் உள்ளே வந்தான்.

“முடிஞ்சுதா?”

“இல்ல.”

“பின்னால ஒட்டுத்துணி வெச்சுத் தைச்சுடு. தூரத்துல தெரியாது.”

“பிசிறே இல்லைங்க.”

அவன் செம்பை எடுத்தான். தண்ணீர் குடித்தான். நிறைய நேரம் குடித்தான்.

“நல்ல கத்தியா வெச்சிருப்பாரு” என்றான்.

“யாரு?”

“அவர்தான்.”

“தொட்டுப் பாருங்க.”

அவன் மேசைப் பக்கம் வரவில்லை. செம்பைக் கவிழ்த்து வைத்தான்.

“தலைவலிக்குது. நான் கொஞ்சம் படுக்கிறேன்.”

“சலவைக்கார அண்ணன் இப்பவே போய்ச் சங்கத்து வாசல்ல உட்கார்ந்திருக்காராம். சட்டைகூட மாத்தலையாம்.”

அவன் பாயை உதறினான். அவள் தையல் மிதியிலிருந்து காலை எடுத்தாள். பதாகையை மடித்தாள், வெட்டு வெளியே தெரியும்படி.

“மூணு ஆகப்போகுது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”