சுற்றாத பக்கம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீன். காலை டிபன் நேரம். சொர்ணம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேசை தாண்டியிருப்பாள், தரை இடப்பக்கமாகச் சரிந்தது. அவளுக்கு மட்டும்தான் சரிந்தது. வாளி கைவிட்டுப் போய், சூடான சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் செருப்பு வரைக்கும் ஓடியது. யார் காலிலும் கொட்டாமல் போனது அவள் செய்த புண்ணியம்.

சூப்பர்வைசர் இளங்கோ ஓடிவந்தான். "இன்னாம்மா, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பின்னால் யாரோ சிரித்தார்கள். சொர்ணம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றோடு அந்த வேலை போனது.

அவளுடைய கணவன் செங்கல்வராயன் பட்டரவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். வானகரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் அவனுக்கு நல்ல பேர். ஆனால் மனைவி உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் மட்டும் அவன் காதில் ஏறாது.

இரண்டு வருடத்துக்கு முன்பே அவள் சொல்லியிருந்தாள், இடது காதில் ஓயாமல் ஓர் இரைச்சல், போனை அந்தப் பக்கம் வைத்தால் பேச்சே கேட்கவில்லை என்று. "வயசானா அப்டித்தான்" என்றான். பிறகு தலை சுற்றியது. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கி அவளே போட்டுக்கொண்டாள். போன தையில் அவன் தங்கை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எந்தங்கச்சி ஊட்டு விசேஷம்னா மட்டும் உனக்குத் தல சுத்தும். நல்லா நடிக்கிறே" என்று மகள் மதிவதனியின் எதிரிலேயே சொல்லிவிட்டு அவன் தனியாகப் போனான்.

கேன்டீன் வேலை போன மறுநாள் மதிவதனிதான் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். இடது காதில் ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தது. காதுக்குப் போகும் நரம்பில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். முதலில் ஒரு தலைசுற்றல் பரிசோதனை, பிறகு ஸ்கேன். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவள் போட்டுவந்த தலைசுற்றல் மாத்திரையைத் தொடக்கூடாது.

அந்த இரண்டு நாளும் சொர்ணம் பாத்ரூமுக்குத் தவழ்ந்து போனாள். படுத்தால் கூரை இறங்கியது, அதனால் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். பரிசோதனை அன்றைக்கு மதிவதனிக்குத் தேர்வு. செங்கல்வராயன் லீவு போட்டுவிட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே உடன் வந்தான்.

பரிசோதனை செய்கிற பெண்ணின் பெயர் நிஷா. அவள் மழுப்பவில்லை. "காதுக்குள்ள வெந்நீரும் குளிர்ந்த தண்ணியும் மாத்தி மாத்தி விடுவேம்மா. நல்லா சுத்தும், வாந்தி வரலாம். ஆனா கொஞ்ச நேரத்துல அடங்கிடும். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள். வெளியே போன் பார்த்துக்கொண்டிருந்த செங்கல்வராயனைக் கூப்பிட்டு, "சார், கையைப் பிடிச்சுக்க ஆள் வேணும், உள்ள வாங்க" என்றாள்.

சொர்ணத்தைச் சாய்வாகப் படுக்கவைத்து, வெளிச்சமே நுழையாத ஒரு கண்ணாடியை முகத்தில் மாட்டினாள். அதற்குள் இருந்த கேமரா அவளுடைய கண்களைப் பெரிதாக எதிர்த் திரையில் காட்டியது.

"கண்ணை மூடாதீங்கம்மா. சுத்துறதையே நினைச்சிட்டு இருந்தா பயம் ஏறிடும், அதனால பேசிட்டே இருங்க. உங்க தெருவுல இருக்கிறவங்க பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

வலது காதில் வெந்நீர் இறங்கியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மேட்டிலிருந்து உருட்டிவிட்ட காலி டிரம்முக்குள் அகப்பட்டதுபோல அவள் இருட்டில் உருளத் தொடங்கினாள். கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"பேரைச் சொல்லுங்கம்மா!"

"வேம்புலி... பால் ஊத்துறவரு. கூப்ட்டா திரும்ப மாட்டேன்றேனாம், ராங்கி புடிச்சவன்னாரு. அவரு கூப்ட்டது எனக்குக் கேக்கவே இல்ல மேடம்... பொன்னியம்மா, பக்கத்தூடு. வேலைக்குப் போவ ஒடம்பு வணங்கல, அதான் தலசுத்துன்னு கொழாயாண்ட சொல்லிச்சு... அய்யோ, உழறேன், புடிங்க..."

"விழமாட்டீங்க. சொல்லுங்க."

"எங்க ஊட்டுக்காரரு... நடிக்கிறேன்னாரு. எம்பொண்ணு எதுர்ல சொன்னாரு."

நிஷா கேட்டது பெயர்களை மட்டும்தான். ஆனால் சுழற்சியில் சொர்ணத்தின் வாய் அவள் பிடியில் இல்லை. அவள் கையைப் பிடித்திருந்த கணவனின் கை ஒரு கணம் தளர்ந்ததை மட்டும் உணர்ந்தாள்.

செங்கல்வராயன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இரண்டு கண்களும் ஒரே பக்கமாக இழுபட்டு, வெட்டித் திரும்பி, மறுபடி இழுபட்டன. "மேடம்," என்றான், "இது... ஒருத்தர் வோணும்னே இப்டி ஆட்டமுடியுமா?"

"முடியாது சார். இப்ப அவங்களுக்கு உலகமே சுத்துது. நமக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

சற்று இளைப்பாறவிட்டு, இடது காதில் வெந்நீர் விட்டார்கள். சொர்ணம் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. கட்டில் கட்டிலாகவே இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் சிரித்தாள்.

"மேடம், இந்தப் பக்கம் ஒண்ணுமே ஆவல! இது நல்லாத்தான் கீது!"

நிஷா குளிர்ந்த நீரை எடுத்தாள். வலது பக்கம் விட்டதும் உலகம் எதிர்த்திசையில் சுழன்றது. சொர்ணம் மஞ்சளாக வாந்தியெடுத்தாள், செங்கல்வராயன் கிண்ணத்தை ஏந்திப் பிடித்தான். மறுபடி இடது பக்கம், ஒன்றும் இல்லை. கடைசியில் ஐஸ் தண்ணீரே விட்டுப் பார்த்தார்கள். திரையில் அந்தக் கண்கள் ஆடாமல் அசையாமல் நின்றன.

கண்ணாடியைக் கழற்றியபோது சொர்ணம் பார்த்தது நிஷாவின் முகத்தைத்தான். சிரிப்பு தானாக அடங்கியது.

"அந்தப் பக்கமும் சுத்தியிருக்கணும்மா" என்றாள் நிஷா மெதுவாக. "ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க."

ஸ்கேனில் காது நரம்பை ஒட்டிக் கட்டி தெரிந்தது. புற்று இல்லை என்றார் டாக்டர். ஆனால் வளர்ந்து மூளைப் பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது, அறுவை செய்துதான் எடுக்கவேண்டும். அந்தக் காதில் இனிக் கேட்க வழியில்லை. அறுவைக்குப் பிறகு முகத்தின் ஒருபக்கம் கொஞ்ச நாளைக்கு இழுத்துக்கொள்ளவும் கூடும். "இரைச்சல் ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா, காதைக் கொஞ்சமாவது காப்பாத்தப் பார்த்திருக்கலாம்" என்று அவர் ஃபைலை மூடினார். செங்கல்வராயன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு பொன்னியம்மா சாத்துக்குடியோடு பார்க்க வந்தாள். சொர்ணம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கட்டின்றாங்கோ. பாத்தா ஒண்ணுமே தெரியலியேடி, கல்லு மாதிரி நல்லாத்தானே கீறே!" என்று தாடையில் கைவைத்தாள் பொன்னியம்மா.

செங்கல்வராயன் அடுப்பருகிலிருந்து எழுந்து வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நோவு இன்னா நெத்தியில எழுதி ஒட்டிக்கினா வரும்? எங்கண்ணுக்கும்தான் தெரியல. தெரியலன்னதும் இல்லவே இல்லன்னு முடிவு கட்டிட்டேன். ஒருத்தி ஒடம்புக்கு முடியலன்னு சொன்னா, மொதல்ல நம்பணும்க்கா. நம்புறதுக்கு நமக்கு ஒரு பைசா செலவு இல்ல. நாம நம்பாம போனதுக்கு இவ ஒரு காதக் குடுத்துட்டா."

பொன்னியம்மா பழப்பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள்.

சொர்ணத்துக்கு எல்லாம் கேட்டது. ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. அவன் கட்டிலருகே வந்து உட்கார்ந்து அவள் காலைத் தொட்டதும், மெல்ல காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்காவப் பேசி இனிமே இன்னா ஆவப்போவுது?" என்றாள். "நாளைக்கு மதி வந்து, ஒடம்பு ஒரு மாதிரியா கீதுப்பான்னு நின்னா, அன்னிக்கு நம்பு. அது போதும்."