நட்சத்திரம் வருவதற்குள் கொவாச்கி

"ஏன்னா, நட்சத்திரம் வந்துடுத்தா?"

"மணி நாலரைடி விசாலம். சூரியனே இன்னும் டூட்டி முடிக்கலை, நட்சத்திரம் எங்கேர்ந்து வரும்?"

சங்கரன் மூன்றாம் மாடி பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே மும்பை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் எத்தனையோ வேலை பார்த்தவர்தான். வானத்தைக் காவல் காக்கும் வேலை இதுதான் முதல் தடவை.

அன்று டிசம்பர் இருபத்துநாலு. பெண் அம்மு போலந்திலிருந்து வந்திருந்தாள், புருஷன் தோமெக்கோடும் மாமியார் பார்பராவோடும். அவர்கள் ஊரில் இன்றைக்கு முதல் நட்சத்திரம் கண்ணில் பட்ட பிறகுதான் பண்டிகைச் சாப்பாடு. அதிலும் மாமிசம் கூடாது. இதைக் கேட்டதும் சங்கரன், "பாரு, நம்மவாதான்!" என்று துள்ளினார். மீன் உண்டு என்று அம்மு சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூவரும் காலையிலேயே கேட்வே பக்கம் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் விசாலாக்ஷி கொவாச்கி பண்ணிவிட வேண்டும். பார்பராவுக்குத் தெரியாமல்.

கொவாச்கி என்பது அவர்கள் பண்டிகைக்குப் பண்ணும் பூரணம் வைத்த பிஸ்கட். வெண்ணெயும் சீஸும் போட்டுப் பிசைந்த மாவைச் சதுரமாக வெட்டி, நடுவில் ஜாம் வைத்து, எதிரெதிர் முனை இரண்டையும் மேலே இழுத்து ஒட்டி, ஓவனில் சுட்டு, சர்க்கரைப் பொடி தூவுவார்கள். அம்மு செய்முறையை அனுப்பும்போதே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள்: "அம்மா, இதுதான் கொவாச்கின்னு நீ சொல்லப்படாது. வாயில போட்டுண்டு அவளா பேர் சொல்லணும். சொன்னா நீ பாஸ்."

பாஸாக வேண்டிய காரணம் விசாலாக்ஷியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஊரில் நடந்த அம்முவின் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். அதே வாரம் சித்தி விநாயகர் கோயில் வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற முழங்கால் அது. ஆனால் பார்பரா? மருமகளின் தலைதீபாவளிக்கு வீடியோ பார்த்து முறுக்குச் சுற்றி போட்டோ அனுப்பினாள். "டெலிபோன் வயர் மாதிரின்னா இருக்கு!" என்று விசாலாக்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்காக அவ ரெண்டு நாள் லீவு போட்டாம்மா" என்று அம்மு சொன்னதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"மாமி, ஓவன் சூடாயிடுத்து!" என்று சமையலறையிலிருந்து சாதனா கூவினாள். நாலாம் மாடிக்காரி. அவள் வீட்டு ஓவன்தான் இன்று இறங்கி வந்திருந்தது. அதில் முட்டை கேக் பண்ணியிருப்பாளோ என்ற சந்தேகத்தில் விசாலாக்ஷி தட்டுகளைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தாயிற்று.

"மாவுல முட்டை கிடையாதுன்னு நன்னாப் பாத்தியோன்னோ?"

"நாலு தரம் படிச்சுட்டேன் மாமி. மைதா, வெண்ணெய், சீஸ். அவ்வளவுதான்."

சீஸுக்குப் பதில் ஸ்ரீகண்டுக்கு வாங்குகிற சக்கா, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். ஜாமுக்குப் பதில் ஜர்தாலு என்கிற உலர்ந்த ஆப்ரிகாட் பழம் வாங்கி ஊறவைத்துக் கொட்டை நீக்கி, சர்க்கரை போட்டுக் கிளறியிருந்தாள். பொன் நிறத்தில் பளபளவென்றிருந்தது. சோமாசிக் கரண்டியின் சக்கரத்தை மாவின்மேல் உருட்ட, ஓரம் நெளிநெளியாய்ச் சதுரங்கள் விழுந்தன. சாதனா கைதட்டினாள். விசாலாக்ஷிக்குக் கையெல்லாம் பரபரத்தது. அறுபது வயதில் பரீட்சை எழுதுகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்!

"அரை டீஸ்பூன் ஜாம்னு போட்டிருக்கு மாமி."

"அரை டீஸ்பூனா? ஆத்துக்கு வந்தவாளுக்கு அரை டீஸ்பூன் வைக்கறதாவது! நம்மாத்துக் கொழுக்கட்டையில என்னிக்காவது பூரணம் பத்தலைன்னு யாராவது சொல்லியிருக்காளா?"

"மாமி, இது கொழுக்கட்டை இல்லை…"

"நீ சும்மா இரு."

ஒவ்வொன்றிலும் குமித்து வைத்தாள். முனைகளை இழுத்து ஓர் அழுத்து. பன்னிரண்டு கொவாச்கிகள் உள்ளே போயின. இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு முன் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"உப்பறது மாமி, உப்பறது!"

"ஐயையோ, என்னடி இது, திறக்கறதே!"

ஒன்று திறந்தது. பக்கத்திலிருந்தது திறந்தது. பிறகு பன்னிரண்டும், பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் ஆவென்று வாயைப் பிளந்தன. ஜர்தாலு தட்டெல்லாம் ஓடிக் கருகிற்று.

சங்கரன் எட்டிப் பார்த்தார். "நட்சத்திரம் இன்னும் வரலை. ஆனா ஏதோ தீயற வாசனை வரது."

"நீங்க போய் வானத்தைப் பாருங்கோ!"

அதே நேரத்தில் போன். அம்மு கிசுகிசுத்தாள். "டாக்ஸி ஏறியாச்சும்மா. ஒரு மணி நேரத்துல அங்கே இருப்போம். ஆச்சா?"

"ஆயிண்டே இருக்கு. இதெல்லாம் வாயைப் பிளந்துண்டு நிக்கறதே, உங்க ஊர்ல எப்படிடி ஒட்டறா?"

"கடைசி வரி படிக்கலையா? முனையில முட்டை வெள்ளைக்கரு தடவணும்."

போனை வைத்ததும் இரண்டு பேரும் செய்முறையை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். கடைசி வரியை யாரும் படிக்கவில்லை. மாவில் முட்டை இல்லை என்ற சந்தோஷத்தில் இரண்டு பேரும் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

சாதனா குரலைத் தாழ்த்தினாள். "மாமி, எங்காத்து பிரிட்ஜ்ல முட்டை இருக்கு. என் பிள்ளை ஜிம்முக்குப் போறானே, அவனுக்கு. ஒரே ஒரு சொட்டு. மாமாவுக்குத் தெரியவே தெரியாது."

விசாலாக்ஷி ஜன்னலைப் பார்த்தாள். வெயில் மஞ்சளாகிவிட்டது. இந்த அடுப்படிக்குள் இதுவரை முட்டை வந்ததில்லை. ஆனால் அந்த ஊரில் ஒருத்தி இரண்டு நாள் லீவு போட்டு முறுக்குச் சுற்றினாளே!

"வேண்டாம்" என்றாள். பிறகு, "போய் எடுத்துண்டு வா" என்றாள். சாதனா வாசலைத் தாண்டுவதற்குள், "இருடி, இரு! ஒளிச்சுப் பண்ணினா அவ முகத்தைப் பாத்து எப்படிக் கொடுப்பேன்? ஒருதரம் முழங்கால்னு பொய் சொன்னது போறும்."

"அப்போ மைதாப் பசை?"

"சூட்டுல அதுவும் விட்டுடும். வெண்ணெய் ஜாஸ்தி."

மிச்ச மாவை எடுக்க பிரிட்ஜைத் திறந்தாள். மாவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம். வந்தவர்களுக்காக மத்தியானம் சங்கரன் வாங்கி வைத்த ஸ்வீட் பீடா. குல்கந்தும் தேங்காயும் திணித்து வயிறு புடைத்துக் கிடந்த வெற்றிலைகள். ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு கிராம்பு.

"சாதனா!"

"என்ன மாமி?"

"அஞ்சறைப் பெட்டியை எடு. கிராம்பு. ஜல்தி!"

பிறகு அந்த அடுப்படியில் நடந்ததைச் சமையல் என்று சொல்ல முடியாது. ஒருத்தி மாவை இட, ஒருத்தி வெட்ட, குமிக்க, மடிக்க, கிராம்பைக் குத்த, கை மாற்றிக் கை மாற்றிப் பறந்தது. "ஆழமாக் குத்துடி!" "குத்தறேன் மாமி!" தட்டு உள்ளே போயிற்று. மறுபடி இரண்டு பேரும் குந்தினார்கள். உப்பிற்று. ஓரத்தில் ஜர்தாலு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. முனைகள் அசைந்தன, இழுத்தன, ஆனால் திறக்கவில்லை!

"நிக்கறது மாமி!"

"கண்ணு வைக்காதேடி!"

சர்க்கரைப் பொடியைச் சலித்து முடிக்கவும் காலிங் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது.

சங்கரன் பால்கனியிலிருந்து, "வந்துடுத்து! வந்துடுத்து!" என்று கத்தினார். தோமெக் ஓடிப்போய்ப் பார்த்தான். "பாபா, அது விமானம்" என்றான், இங்கிலீஷில்.

"விமானமாவே இருக்கட்டுமே மாப்பிள்ளை, எனக்குப் பசிக்கறது."

பார்பரா வந்து, கண்ணை இடுக்கி, அந்த வெளிச்சத்தைப் பார்த்து, நட்சத்திரம்தான் என்று தலையாட்டிவிட்டாள். அவளுக்கும் பசி.

விசாலாக்ஷி தட்டை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. பார்பரா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடித்தாள். கிராம்பு பல்லில் அகப்பட்டது. அதை விரலில் எடுத்து முகர்ந்தாள். பிறகு மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்ப, வெகு வேகமாக எதையோ பேசினாள். தோமெக் பகபகவென்று சிரித்தான்.

"என்னடி சொல்றா? பேர் சொன்னாளா?"

"ஜாம் ரொம்ப ஜாஸ்தியாம். இவ்வளவு வச்சா வாயைப் பிளக்காம என்ன பண்ணும், அதான் கிராம்பான்னு கேக்கறா."

"பேர் சொன்னாளா, இல்லையா?"

"இரேன்மா!"

பார்பரா அதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள். மேடைமேல் மிச்ச மாவு, சோமாசிக் கரண்டி, மூலையில் ஒளித்து வைத்திருந்த வாய் பிளந்த பன்னிரண்டு. அவற்றைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். டெலிபோன் வயரைப் பார்த்து விசாலாக்ஷி சிரித்தாளே, அதே சிரிப்பு. பிறகு வளையல்போல் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி வைத்து, கையைக் கழுவி, சட்டைக் கையை மடக்கி ஏதோ சொன்னாள். அதில் அந்த ஒரு வார்த்தை விசாலாக்ஷியின் காதில் மணி மணியாக விழுந்தது.

"கொவாச்கின்னாளே! அம்மு, கொவாச்கின்னாளே!"

"ஆமாம்மா. அடுத்த ஈடு கொவாச்கி நான் போடறேன்ங்கறா."

"அடுத்த ஈடுன்னா சொன்னா?"

"அடுத்த ஈடுன்னுதான் சொன்னா."

அப்படியானால் இது முதல் ஈடு! விசாலாக்ஷி பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் சாதனாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பார்பரா ஒரு சதுரத்தில் ஜர்தாலு வைத்தாள். கணக்காக அரை டீஸ்பூன். விசாலாக்ஷிக்குப் பொறுக்கவில்லை, அவள் திரும்பிய நேரம் இன்னொரு அரை டீஸ்பூன் வைத்தாள். பார்பரா பார்த்துவிட்டாள். விரலை ஆட்டி மிரட்டினாள், ஆனால் எடுக்கவில்லை. முனைகளை இழுத்து மேலே சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் திரும்பிப் பாராமலே பின்னால் நீட்டினாள்.

விசாலாக்ஷி அந்த உள்ளங்கையில் ஒரு கிராம்பை வைத்தாள்.